பார்சல் டாக்ஸும் பத்திரமும்: பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போட்டு வரி கட்டும் கலிஃபோர்னியா

நண்பர் ஒருவர் குடியுரிமை வாங்கி, கலிஃபோர்னியாவில் முதல்முறையாக ஓட்டுப் போடப் போகிறார். வாக்குச்சீட்டு தபாலில் வந்த அன்று சாயங்காலமே கூப்பிட்டார். "மேல இருக்கிற பேரெல்லாம் சரிண்ணா, யாருக்குப் போடணும்னு முடிவு பண்ணிட்டேன். கடைசிப் பக்கத்துல பள்ளிக்கூடத்துக்கு வரின்னு ஒரு கேள்வி இருக்கே, அது என்ன? வரி போடலாமா வேண்டாமான்னு நம்மளையே கேக்குறாங்களா?"

ஆமாம், நம்மையேதான் கேட்கிறார்கள். ஊரில் மாநகராட்சி சொத்து வரியை ஏற்றினால் ரசீது வந்த பிறகுதான் நமக்கே தெரியும். டீக்கடையில் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கட்டிவிடுவோம். அந்த ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒன்று இருப்பதைக்கூடப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கென்று கூடுதலாக நூறு டாலர் வாங்க வேண்டுமென்றாலும், அந்தப் பள்ளி மாவட்டத்தில் குடியிருக்கும் வாக்காளர்களிடம் போய் நிற்க வேண்டும். இப்படி வைக்கும் கேள்விக்கு மெஷர் என்று பெயர். மெஷர் ஏ, மெஷர் பி என்று கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு எழுத்தைக் கொடுக்கும். மாநிலம் முழுவதற்குமான கேள்வி என்றால் அது ப்ராபசிஷன், அதற்கு எண்.

கேள்வி எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு, நானே எழுதிய ஒரு மாதிரி இது:

"தகுதியான ஆசிரியர்களைத் தக்கவைக்கவும், அறிவியல், இசை, கலை வகுப்புகளைத் தொடரவும், பள்ளி நூலகங்களை மூடாமல் நடத்தவும், மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 98 டாலர் வீதம் 8 ஆண்டுகளுக்கு வரி விதித்து, ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் திரட்டும் இந்தத் தீர்மானத்தை ஏற்கலாமா? மூத்த குடிமக்களுக்கு விலக்கு உண்டு. கணக்குத் தணிக்கை உண்டு. பணம் முழுவதும் உள்ளூரிலேயே செலவாகும்."

இவ்வளவுதான் இடம். ஆங்கிலத்தில் 75 சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அதற்குள் எவ்வளவு வரி, எத்தனை வருடம், ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் பாதி எப்போதும் தேன் தடவியிருக்கும். ஆசிரியர், நூலகம், அறிவியல் என்றால் யாருக்கு மனசு வராது? நான் முதலில் தேடுவது ஒரே ஒரு சொல்லைத்தான். அது பத்திரமா, பார்சலா?

இரண்டு விதமான கேள்வி

பள்ளிக்காக வாக்குச்சீட்டில் வரும் வரிக் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

பத்திரம் (பாண்ட்) என்றால் கடன். பள்ளி மாவட்டம் சந்தையில் பத்திரம் விற்றுப் பெரிய தொகையை ஒரேயடியாக வாங்கிக்கொள்ளும். கூரை மாற்றும், புது ஆய்வகம் கட்டும், பழைய ஏசியைத் தூக்கிப் போடும். கடனை வட்டியோடு அடைப்பது அந்த வட்டாரத்தில் வீடு, கடை, நிலம் வைத்திருப்பவர்கள். அவரவர் சொத்தின் மதிப்புக்கு ஏற்றபடி, 20 வருடம், 30 வருடம் என்று சொத்து வரியோடு சேர்த்துக் கட்டுவார்கள். இந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

பார்சல் டாக்ஸ் வேறு. பார்சல் என்றதும் நமக்கு இலையில் மடித்த இட்லிதான் ஞாபகம் வரும். இங்கே பார்சல் என்பது ஒரு மனை, அதாவது சொத்தை மதிப்பிடும் அசெஸர் அலுவலகப் பதிவேட்டில் தனி எண் உள்ள ஒரு துண்டு நிலம். பெரும்பாலும் ஒரு மனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகைதான். குடிசை போன்ற வீடோ மாளிகையோ, ஆளுக்கு அதே 98 டாலர். கடன் இல்லை, வட்டி இல்லை. வருடா வருடம் வசூலாகும், வருடா வருடம் செலவாகும். இதில் சம்பளம் கொடுக்கலாம். இசை ஆசிரியர், நூலகர், மனநல ஆலோசகர் என்று பட்ஜெட்டில் முதலில் கத்தி விழும் ஆட்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்தப் பணம்தான்.

"பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே வரின்னா அது அநியாயம் இல்லையாண்ணா?" என்றார் நண்பர். நியாயமான கேள்வி. பதில் சொல்ல 1978க்குப் போக வேண்டும்.

1978 ஜூன் 6

அதற்கு முன்னால் கலிஃபோர்னியாவில் பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்தது. கேட்க அழகாக இருக்கும், நம்ம ஊர், நம்ம வரி, நம்ம பள்ளி. ஆனால் ஊருக்கு ஊர் சொத்து ஒன்றாகவா இருக்கிறது? லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியிலேயே இரண்டு ஊர்கள், பெவர்லி ஹில்ஸ், பால்ட்வின் பார்க். 1968-69 கல்வியாண்டில் பெவர்லி ஹில்ஸ் ஒரு மாணவருக்குச் செலவழித்தது சுமார் 1,232 டாலர், பால்ட்வின் பார்க் 577 டாலர். சரி, பணக்கார ஊர் அதிக வரி கட்டியிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. மதிப்பீட்டுத் தொகையில் ஒவ்வொரு 100 டாலருக்கும் பெவர்லி ஹில்ஸ் கட்டியது 2.38 டாலர், பால்ட்வின் பார்க் கட்டியது 5.48 டாலர். இரண்டு மடங்குக்கும் மேல் வரி, பாதிக்கும் குறைவான பள்ளிக்கூடம். பெவர்லி ஹில்ஸில் ஒரு மாணவருக்குப் பின்னால் இருந்த சொத்து மதிப்பு பால்ட்வின் பார்க்கைப் போல 13 மடங்குக்கும் மேல். அப்புறம் என்ன செய்ய முடியும்?

இந்தக் கணக்குதான் செரானோ வழக்கு. 1971இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், குழந்தையின் படிப்பு அதன் பெற்றோர், அக்கம்பக்கத்தார் சொத்தைப் பொறுத்திருக்கக் கூடாது என்ற பக்கம் நின்றது. 1976இல் அதை மறுபடி உறுதிப்படுத்தியது. இடையில் 1973இல் டெக்சஸிலிருந்து போன இதே மாதிரி வழக்கில், கல்வி அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அதனால் பள்ளிப் பணம் இன்றைக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு கதை.

எழுபதுகளில் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை எகிறியது, வரியும் கூடவே எகிறியது. பணி ஓய்வு பெற்றவர்கள் சொந்த வீட்டுக்கு வரி கட்ட முடியாமல் தவித்தார்கள். அந்தக் கோபத்தை ஹவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் கையெழுத்து இயக்கமாக்கினார்கள். அதுதான் ப்ராபசிஷன் 13. அது சொன்னது சுருக்கமாக இது. சொத்து வரி மதிப்பீட்டில் 1 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. மதிப்பீடு 1975ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும். அதன் பிறகு வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவிகிதம்தான் ஏறும். வீடு கைமாறினால்தான், அல்லது புதிதாகக் கட்டினால்தான், சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. உள்ளூர் அமைப்புகள் குறிப்பிட்ட செலவுக்கென்று சிறப்பு வரி கேட்டால் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும்.

அந்த வருடமே சொத்து வரி வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. பள்ளிகளுக்கு மாநில அரசு கை கொடுக்க வேண்டியதாயிற்று, கூடவே கடிவாளமும் மாநிலத்தின் கைக்குப் போனது.

நண்பரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சொத்தின் மதிப்பை வைத்து விதிக்கும் வரிக்கு 1 சதவிகிதம் என்று பூட்டுப் போட்டாயிற்று. சம்பளம் போன்ற பள்ளியின் அன்றாடச் செலவுக்காக அந்தப் பூட்டைத் திறக்க வழியில்லை. மிச்சம் இருந்த சந்து, மதிப்பைப் பார்க்காமல் மனைக்கு இவ்வளவு என்று கேட்பது. எண்பதுகளில் பள்ளி மாவட்டங்கள் அந்தச் சந்தில் நுழைந்தன. பார்சல் டாக்ஸை யாரும் நியாயமான வரி என்று உட்கார்ந்து யோசித்து வடிவமைக்கவில்லை. வேறு வாசல் இல்லாததால் ஜன்னல் வழியாக வந்தது. அலமீடா பள்ளி மாவட்டம் ஒருமுறை வீடுகளுக்கு ஒரு தொகை, வணிகக் கட்டடங்களுக்குச் சதுர அடிக் கணக்கு என்று பிரித்து விதித்துப் பார்த்தது. அப்படி வகை பிரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரே தெரு, இரண்டு வீடு

எண்ணில் போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும். பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே அளவு. முதல் வீட்டுப் பாட்டி 1980இல் 1 லட்சம் டாலருக்கு வாங்கினார். இரண்டாவது வீட்டை 2024இல் 15 லட்சம் டாலருக்கு நம் ஆள் ஒருவர் வாங்குகிறார்.

பாட்டி வீட்டின் மதிப்பீடு வருடம் 2 சதவிகிதம் முழுசாக ஏறியிருந்தாலும் 2024இல் சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் டாலர். அடிப்படை வரி 2,390 டாலர். நம் ஆளுக்கு 15,000 டாலர். ஒரே குப்பை வண்டி, ஒரே பள்ளிக்கூடம்.

இப்போது பத்திரம் ஒன்று நிறைவேறுகிறது, 1 லட்சம் டாலர் மதிப்புக்கு 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு 143 டாலர், நம் ஆளுக்கு 900 டாலர். ஊரில் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் இருக்கும் இடைவெளி நமக்குப் பழக்கம்தான், ஆனால் இங்கே அந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்து 300 டாலர் பார்சல் டாக்ஸ். பாட்டிக்கும் 300, நம் ஆளுக்கும் 300.

கவனித்தீர்களா? பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையில் அநியாயமாகத் தெரியும் வரிதான், பழைய குடிக்கும் புதுக் குடிக்கும் இடையில் சமமாக விழுகிறது. பெரிய கடைவளாகம் ஒரே மனையில் இருந்தால் அதுவும் 300 டாலரோடு தப்பித்துவிடும் என்பது இதன் மறுபக்கம். அதனால் சில மாவட்டங்கள் எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே சதுர அடிக் கணக்கில் கேட்கின்றன. வணிகக் கட்டடங்களை மட்டும் ப்ராபசிஷன் 13இன் பூட்டிலிருந்து வெளியே எடுக்கலாம் என்று 2020 நவம்பரில் மாநிலம் முழுவதும் கேட்டார்கள். அது ப்ராபசிஷன் 15. சுமார் 48க்கு 52 என்று தோற்றது.

நம் ஆள் கட்டும் அந்த 15,000 டாலரால் அவர் பிள்ளையின் பள்ளிக்கு என்ன லாபம்? பெரும்பாலான ஊர்களில் நேரடியாக ஒன்றும் இல்லை. அரிசி அளக்கும் ஒரு படியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் இவ்வளவு அளவுள்ள படி என்று மாநிலம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. 2013இலிருந்து இப்போதுள்ள சூத்திரத்தில் ஏழைக் குழந்தைகளும் ஆங்கிலம் கற்கும் குழந்தைகளும் அதிகம் இருந்தால் படி பெரிதாகும். முதலில் உள்ளூர்ச் சொத்து வரியில் பள்ளிக்கான பங்கைப் படியில் கொட்டுவார்கள். எவ்வளவு குறைகிறதோ அதை மாநிலம் நிரப்பும். உள்ளூர் வரி கூடினால் மாநிலம் ஊற்றுவது குறையும், படி அதே படிதான். பாலோ ஆல்டோ மாதிரி சில ஊர்களில் மட்டும் உள்ளூர் வரியே படியைத் தாண்டி வழிகிறது. வழிவதை அவர்களே வைத்துக்கொள்ளலாம். மற்ற ஊர்கள் படிக்கு மேலே கொஞ்சம் குவித்து அளக்க வேண்டுமென்றால் பார்சல் டாக்ஸ் கேட்டு வாக்காளர் வாசலுக்கு வர வேண்டியதுதான். அது சூத்திரத்தில் சேராது, முழுசாகத் தங்கும்.

66.67, 55, 50

எத்தனை பேர் சரி என்றால் நிறைவேறும்? பார்சல் டாக்ஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.67 சதவிகிதம். பத்திரத்துக்கும் மாநிலத்தின் 1879ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலிருந்து அதே மூன்றில் இரண்டுதான் இருந்தது. 1978க்குப் பிறகு எட்டு வருடம் புதுப் பத்திரமே முடியாது என்ற நிலை. 1986இல் ப்ராபசிஷன் 46 அந்தக் கதவைத் திறந்தது. 2000 மார்ச்சில் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதும் என்று கேட்டுப் பார்த்தார்கள், தோற்றது. அதே நவம்பரில் 55 சதவிகிதம் என்று இறங்கி வந்து ப்ராபசிஷன் 39 ஆகக் கேட்டார்கள், ஜெயித்தது. அதற்குச் சில நிபந்தனைகள். எந்தெந்த வேலை என்று பட்டியல் போட வேண்டும், வருடா வருடம் தணிக்கை செய்ய வேண்டும், மக்கள் கண்காணிப்புக் குழு வைக்க வேண்டும். தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளி வரை நடத்தும் மாவட்டமாக இருந்தால், ஒரு தேர்தலில் கேட்கும் பத்திரத்துக்கான வரி 1 லட்சம் டாலர் மதிப்புக்கு 60 டாலரைத் தாண்டாது என்று கணக்குக் காட்ட வேண்டும். மேலே பாட்டி வீட்டுக்கு அந்த 60ஐத்தான் போட்டேன்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று எல்லோருக்கும் விதி போட்ட ப்ராபசிஷன் 13 வாங்கியது சுமார் 65 சதவிகிதம். 55 வேண்டும் என்ற ப்ராபசிஷன் 39 வாங்கியது சுமார் 53. இரண்டுமே தாங்கள் போட்ட கோட்டைத் தாங்களே தாண்டவில்லை. மாநில அளவிலான கேள்விக்குப் பாதிக்கு மேல் போதும் என்பதால் சட்டமாயின.

இந்தச் சதவிகித வித்தியாசம் சும்மா காகிதத்தில் இருப்பதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 2019 ஜனவரியில் ஆசிரியர்கள் மழையில் நனைந்தபடி வேலைநிறுத்தம் செய்தார்கள், ஊரே ஆதரவு காட்டியது. அந்தச் சூட்டோடு ஜூனில் மெஷர் ஈஈ என்ற பார்சல் டாக்ஸ் கேள்வி வந்தது. கட்டடத்தின் சதுர அடிக்கு 16 சென்ட், 12 வருடம். மூன்றில் இரண்டு வேண்டிய இடத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருடமே நவம்பரில் அதே பள்ளி மாவட்டம் 700 கோடி டாலர் பத்திரம் கேட்டது, தேவை 55 சதவிகிதம், கிடைத்தது எழுபதுக்கும் மேல். கட்டடத்துக்குக் கொடுக்கும் கை சம்பளத்துக்கு வருவதில்லை என்று எனக்குத் தோன்றும். கட்டடம் கண்ணுக்குத் தெரியும். போதாததற்கு, ஈஈ வந்தது ஓட்டுப் போட ஆள் வராத ஜூன் மாதம், பத்திரம் வந்தது அதிபர் தேர்தலோடு.

சான் பிரான்சிஸ்கோவில் வேறு கூத்து. அங்கே உள்ளூர்க் கேள்விக்கும் ப்ராபசிஷன் என்றே பெயர், ஆனால் எண்ணுக்குப் பதில் எழுத்து. 2018இல் ஆசிரியர் சம்பளத்துக்காக மனைக்கு 298 டாலர் கேட்ட ப்ராபசிஷன் ஜிக்கு 61 சதவிகிதம்போல விழுந்தது. மூன்றில் இரண்டு இல்லை. ஆனால் அது அரசு அமைப்பு வைத்த கேள்வி அல்ல, மக்கள் கையெழுத்துத் திரட்டி வைத்த கேள்வி, அதனால் பாதிக்கு மேல் போதும் என்று நகரம் வாதிட்டது. வழக்கு இழுத்தது, வசூலான பணத்தை நிம்மதியாகச் செலவழிக்க முடியவில்லை. 2020இல் தொகையை 288 டாலராகக் குறைத்து ப்ராபசிஷன் ஜே என்று மறுபடி கேட்டார்கள். இந்த முறை 75 சதவிகிதம் வந்து வாயடைத்தது.

பத்திரத்தில் பொடி எழுத்து

பத்திரத்துக்குச் சரி போடும் முன்னால் சான் டியேகோ பக்கம் பவே பள்ளி மாவட்டத்தின் கதையைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 2008இல் அங்கே வாக்காளர்களிடம் வரி விகிதம் ஏறாது என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். 2011இல் 10.5 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். வரி ஏறக் கூடாதே, அதனால் முதல் 20 வருடம் ஒரு சென்ட்கூடத் திருப்பித் தர வேண்டாத மாதிரி பத்திரம். அதற்குள் வட்டிக்கு வட்டி ஏறி, 2051இல் கணக்கு முடியும்போது மொத்தம் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் கட்டியிருப்பார்கள். கடன் வாங்கிய வருடம் அங்கே முதல் வகுப்பில் இருந்த குழந்தை நாற்பதைத் தாண்டிய பிறகும் அதை அடைத்துக்கொண்டிருக்கும். நம் ஊர்க் கந்துவட்டிக்காரர் கேட்டால் சந்தோஷப்படுவார். விஷயம் வெளியே வந்து நாடே சிரித்த பிறகு, 2013இல் மாநிலம் சட்டம் போட்டது. பள்ளிப் பத்திரத்தில் அசலைப் போல நான்கு மடங்குக்கு மேல் மொத்தமாகத் திருப்பிக் கட்டும்படி வாங்கக் கூடாது.

அதனால் வாக்காளர் கையேட்டில் கேள்விக்குப் பின்னால் வரும் இரண்டு பக்கங்களை விடாதீர்கள். ஒன்று கவுன்ட்டி வழக்கறிஞர் எழுதும் நடுநிலை விளக்கம். தேன் தடவாத மொழியில் இருக்கும், தூக்கம் வரும், ஆனால் விஷயம் அதில்தான். பத்திரமாக இருந்தால் வரி விகித அறிக்கை ஒன்றும் இருக்கும். அசலும் வட்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பது அதில் ஒரு எண்ணாக நிற்கும். ஆதரவு, எதிர்ப்பு வாதங்களும் அச்சாகியிருக்கும், எதிர்த்து எழுத யாராவது முன்வந்திருந்தால். பார்சல் டாக்ஸ் என்றால் அது புது வரியா, முடியப்போகும் பழைய வரியின் நீட்டிப்பா என்று பாருங்கள். 65 வயது தாண்டியவர்களுக்கு விலக்கு என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் தானாக வராது, விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பெற்றோர் பெயரில் வீடு இருந்தால் ஞாபகப்படுத்துங்கள்.

யார் கட்டுகிறார், யார் ஓட்டுப் போடுகிறார் என்பது இன்னொரு சுவாரசியம். வாடகை வீட்டில் இருக்கும் குடிமகனுக்கு ஓட்டு உண்டு, வரி ரசீது அவர் பெயருக்கு வராது. எச்1பி விசாவில் இருக்கும் நம் ஆட்கள் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்துப் பார்த்து 15 லட்சத்துக்கு வீடு வாங்கி, தெருவிலேயே அதிகம் வரி கட்டுகிறார்கள், அவர்களுக்கு ஓட்டு இல்லை. கிரீன் கார்டு இருந்தாலும் இல்லை. நானும் அப்படிப் பல வருடம் டிசம்பர் 10க்குள் ஒரு தவணை, ஏப்ரல் 10க்குள் ஒரு தவணை என்று மூச்சுக் காட்டாமல் கட்டியவன்தான். ரசீதில் கீழே வரிசையாக நிற்கும் சிறு சிறு தொகைகள் ஒவ்வொன்றும் ஒரு தேர்தல் என்பதே எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் ஊர்க் கேள்வி பார்சல் டாக்ஸ் என்று கண்டுபிடித்து, சரி என்ற வட்டத்தை நிரப்பி அனுப்பினார். தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்த ஓட்டு ஏழு நாள் கழித்து வந்தாலும் செல்லும் என்பதால் எண்ணிக்கை வாரக்கணக்கில் ஓடும். பத்தாம் நாள் ராத்திரி கூப்பிட்டார்.

"அண்ணா, 66.3ல நிக்குது. ஜெயிச்சாச்சுதானே?"

"இல்லை, தோத்துக்கிட்டு இருக்கு."

"நூத்துக்கு அறுபத்தாறு பேர் சரின்னு சொல்லியுமா?"

"இன்னும் எண்ணி முடிக்கலை. நாளைக்குச் சாயங்காலம் மறுபடி பாருங்க."